கேட்கத் தகும் கேள்விகள்: லினக்ஸ் கெர்னலின் அமைவுத் தெரிவுகள் பற்றி ஒரு மதிப்பீடு

ஒரு கெர்னல் எத்தனை வகை வன்பொருளில் ஓடுகிறது என்பதைக் கொண்டு அதன் வீச்சை அளக்கலாம். வடிவமைப்பை அளப்பதற்கு வேறு கோல் வேண்டும். தன்னைக் கட்டுபவரிடம் அது எவற்றைக் கேட்கிறது, எந்தக் கட்டத்தில் கேட்கிறது, பெற்ற விடையை எவ்வளவு நேர்மையாகக் கையாள்கிறது என்பனவே அந்தக் கோல். லினக்ஸின் வீச்சைப் புகழும் எழுத்து நிறைய உண்டு. அது கேட்கும் கேள்விகளின் தரத்தை நிறுத்துப் பார்ப்பதே இங்கு நோக்கம்.

சாவகச்சேரியில் இருந்து எழுதுகையில் இந்த அளவுகோலுக்குத் தனிக் கூர்மை கிடைக்கிறது. 2000ஆம் ஆண்டுப் போரில் இடிந்து மீண்ட ஊர் இது. இவ்வூர் அமைந்த யாழ்ப்பாணக் குடாநாடு நெடுங்காலம் தேசிய மின்வலையமைப்புக்கு வெளியே கிடந்தது. கணினி இங்கே தலைமுறை தலைமுறையாக வரிசைப்படி வந்து சேரவில்லை. வெளிநாட்டு உறவினர் விட்டுச்சென்ற 32 பிற் மடிகணினி, அலுவலகத்தில் கழித்த மேசைக்கணினி, றாஸ்பெறி பை, தொலைக்காட்சியில் பொருத்தும் மலிவான ஏஆர்எம் பெட்டி, திறன்பேசி எனப் பல தலைமுறைகள் ஒரே காலத்தில் பாவனையில் உள்ளன. 2022இல் டொலர் தட்டுப்பாடும் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டும் வந்தபோது, இருப்பதைத் திருத்திப் பாவிப்பது கட்டாயமாயிற்று. புதிதாக ஒன்றை வாங்கிச் சிக்கலைக் கடந்துவிடும் வசதி இல்லாத இடத்தில் கெர்னல் தெரிவுகளின் குறையும் நிறையும் மறைவின்றித் தெரியும்.

கெர்னல் கேட்கும் கேள்விகள் மூன்று வகைப்படும். முதலாவது, வன்பொருள் பற்றிய உண்மை: செயலிக்கு எத்தனை மையங்கள், இடைத்தடைக் கட்டுப்படுத்தி எந்த முகவரியில் இருக்கிறது என்பன போன்றவை. இரண்டாவது, கொள்கை: உடனடி மறுமொழி முக்கியமா, மொத்த வேலையளவு முக்கியமா? மூன்றாவது, விலக்கல்: நினைவகம் போதாத பொறியில் எதை விட்டுவிடலாம்? ஒரு நல்ல வடிவமைப்பு இம்மூன்றையும் வேறுபடுத்தி நடத்தும். பொறி தானே சொல்லக்கூடிய உண்மையை மனிதரிடம் கேட்காது. கொள்கையைக் கேட்கும், ஆனால் இயன்றவரை பிந்திய கட்டத்தில், முடிந்தால் கெர்னல் துவங்கும்போது கேட்கும். விலக்கலை மட்டும் கட்டும்போதே கேட்கும், ஏனெனில் கட்டியபின் விலக்க முடியாது. லினக்ஸை இந்த அளவுகோலில் வைத்துப் பார்ப்போம்.

1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட கெர்னல் 386 செயலிக்கு மட்டுமே உரியது; அப்போது தெரிவுகளும் சிலவே. 1995இல் 1.2 பதிப்பு ஆல்ஃபா, ஸ்பார்க், மிப்ஸ் கட்டமைப்புகளையும் ஏற்றபோது கேள்விகள் பெருகின. அவற்றை ஆண்ட பழைய ஷெல் நிரல் மொழி பாரம் தாங்காமல் திணறியது. 2000இல் எரிக் ரேமண்ட் முன்வைத்த சிஎம்எல்2 விதிகளில் இருந்து விளைவுகளைத் தானே உய்த்தறியும் மொழி. அது ஏற்கப்படவில்லை. எல்லாவற்றையும் ஒரே வீச்சில் மாற்றக் கோரியதும், கெர்னலைக் கட்டப் பைதான் தேவை என்றதும் அதற்குத் தடையாயின. 2002 அக்டோபரில், 2.5.45 பதிப்பில், ரோமன் சிப்பெல் எழுதிய கேகான்ஃபிக் மொழி இடம்பிடித்தது. இன்றுவரை ஆள்வது அதுவே.

கேகான்ஃபிக்கின் தகுதிகள் உறுதியானவை. ஒவ்வொரு தெரிவும் அது ஆளும் நிரலின் அருகிலேயே அறிவிக்கப்படுகிறது. நிரலைத் திருத்துபவர் கண்ணில் தெரிவும் படுகிறது. உட்பொதி, தனிக்கூறாக வை, விலக்கு என மூன்று விடைகளை ஏற்கும் மும்மதிப்பு வகை அதன் நுட்பமான பங்களிப்பு. வன்பொருள் எதுவெனத் தெரியாதபோது இயக்கியைத் தனிக்கூறாகக் கட்டி வைத்து, பொறி தன்னை அறிவித்தபின் ஏற்றிக்கொள்ள அது வழிசெய்கிறது. ஒரே டெபியன் படிமம் ஆயிரம் வகை மேசைக்கணினிகளில் எழுவது இதனால்தான். புதிய பதிப்புக்கு நகரும்போது பழைய விடைகளைக் காத்து, புதிய கேள்விகளை மட்டும் கேட்கும் முறையும் முதிர்ச்சியானது. பிஸிபாக்ஸ், யூ-பூட், பில்ட்ரூட், கோர்பூட், செஃபிர் ஆகியவை இம்மொழியை எடுத்தாண்டது அதன் பயன்பாட்டுக்கு வலுவான சான்று.

குறையும் அதே அளவு உறுதியானது. ‘சார்ந்திருக்கிறது’ என்ற உறவும் ‘தெரிந்தெடு’ என்ற உறவும் ஒன்றுக்கொன்று பொருந்தாத தர்க்கத்தில் இயங்குகின்றன. முதலாவது, நிபந்தனை நிறைவேறாவிட்டால் தெரிவையே மறைக்கிறது. இரண்டாவது, இலக்குத் தெரிவின் சொந்த நிபந்தனைகளைப் பாராமல் அதை வலிந்து இயக்குகிறது. நிபந்தனை மீறப்பட்டால் எச்சரிக்கை ஒன்று அச்சாகும், கட்டுமானம் தொடரும், முறிவு வேறெங்கோ, காரணத்துடன் தொடர்பற்ற கோப்பில் தோன்றும். கெர்னலின் ஆவணமே இவ்வுறவைக் கவனத்துடன் கையாளச் சொல்கிறது. இருந்தும் நிரலாளர்கள் அதையே நாடுவதற்கு நியாயமான காரணம் உண்டு. சார்பை மட்டும் எழுதினால், தமக்கு வேண்டிய இயக்கி பட்டியலில் ஏன் தெரியவில்லை என்று பாவனையாளர் தேடி அலைய நேரும். ஆக மொழி இரண்டு தீமைகளில் ஒன்றைத் தெரியச் சொல்கிறது. 2017இல் 4.10 பதிப்பு சேர்த்த ‘உணர்த்து’ என்ற மென்மையான உறவு இலக்கின் நிபந்தனைகளை மதிக்கிறது, பாவனையாளர் மறுக்கவும் இடம்தருகிறது. அது நல்ல திருத்தம், ஆனால் முழுத் தீர்வு அன்று. சிஎம்எல்2 இருதிசையிலும் உய்த்தறிய முயன்றது. அதன் நடைமுறைப் பிழைகளைத் தள்ளியபோது அந்தச் சரியான உள்ளுணர்வும் சேர்ந்தே தள்ளப்பட்டது.

இக்குறைக்கு அளவிட்ட சான்று உண்டு. ஜெர்மனியின் எர்லாங்கன்-நூரம்பெர்க் பல்கலைக்கழகத்தில் டார்ட்லர், லோமன் உள்ளிட்ட குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு, கேகான்ஃபிக் சொல்வதும் சி நிரலின் நிபந்தனை வரிகள் சொல்வதும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தது. 1,776 முரண்கள் வெளிப்பட்டன. எந்தத் தெரிவுச் சேர்க்கையிலும் ஒருபோதும் கட்டப்படாத நிரலும், தெரிவால் ஆளப்படுவதுபோல் தோன்றி எப்போதும் கட்டப்படும் நிரலும் அவற்றில் அடங்கும். குழு அனுப்பிய 123 திருத்தங்கள் 364 முரண்களைத் தீர்த்தன. அன்று தெரிவுகள் பத்தாயிரத்தைக் கடந்திருந்தன. சார்புகளை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டே விடை என்று கொண்டாலும், பத்தாயிரம் தெரிவுகளின் சேர்க்கை 3,000 இலக்கங்களுக்கு மேல் நீளும் எண். இதைச் சோதித்து முடிக்க இயலாது. எழுந்தமானமாகச் சேர்க்கைகளைக் கட்டிப் பார்க்கும் தானியங்கிகள் மாதிரிகளைத்தான் தொடுகின்றன. எனவே ஒவ்வொரு புதிய தெரிவும் அதை எழுதியவரின் உடைமை ஆகாது. எல்லோரும் சுமக்கும் செலவு அது.

தெரிவுகளை வகைப்படுத்தும் முயற்சிகளின் வரலாறும் கற்பிக்கிறது. ‘பரிசோதனை நிலை’ என்ற அடையாளத் தெரிவு பல ஆண்டுகள் இருந்தது. அதை இயக்காமல் பயனுள்ள கெர்னலைக் கட்டவே முடியாது என்ற நிலை வந்தது, எல்லோரும் இயக்கினார்கள், அடையாளம் பொருளிழந்தது, 2013 அளவில் நீக்கப்பட்டது. நீக்கியது சரியே. அதற்கு மாறாக, ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புக்குச் சேர்க்கப்பட்ட ‘பெயர்க்கத் தகாதது’ என்ற தெரிவு மதிப்புள்ளது. கெர்னலை ஒரு குறிப்பிட்ட பொறிக்குள் பூட்டிவிடும் கேள்விகளை அது தன் பின்னால் ஒதுக்கி வைக்கிறது. அந்தக் கதவைத் திறக்காதவர் கட்டும் கெர்னல் அக்கட்டமைப்பின் பொதுவான பொறிகளில் எல்லாம் எழ வேண்டும் என்பது அதன் வாக்குறுதி. முன்னையது நிரலின் முதிர்ச்சி பற்றிய கருத்து, பின்னையது விடையின் விளைவு பற்றிய உண்மை. தெரிவுகளை வகுக்கத் தகும் அடிப்படை விளைவே.

இனி ஏஆர்எம். லினக்ஸ் தன் தோல்வியையும் மீட்சியையும் தெளிவாகக் காட்டிய களம் இதுவே. மேசைக்கணினியில் பிசிஐ பாட்டை தன்மீது என்ன பொருத்தப்பட்டுள்ளது என்று கேட்டால் சொல்லும். ஏஆர்எம் சில்லுகளில் பெரும்பாலான உறுப்புகள் நிலையான முகவரிகளில் மௌனமாக இருக்கும். முகவரி தெரியாதவர் அவற்றைக் கண்டறிய வழியில்லை. ஆகவே ஒவ்வொரு பலகைக்கும் ஒரு சி கோப்பு, ஒரு தெரிவு, ஒரு முன்னிருப்பு அமைவுக் கோப்பு எனக் குவிந்தன. 2010இல் டோர்வால்ட்ஸ் அந்த அமைவுக் கோப்புகளை அழித்துவிடப் போவதாக எச்சரித்தார். முன்னிருப்பில் இருந்து வேறுபடும் விடைகளை மட்டும் வைத்துக்கொள்ளும் உத்தியை ஊவே க்ளைனே-கோனிக் நடைமுறைப்படுத்தியபோது ஏறத்தாழ இரண்டு இலட்சம் வரிகள் மறைந்தன. பொருள் எதுவும் இழக்கப்படாமலே அத்தனை வரிகள் போயின என்றால், இருந்தவற்றில் பெரும்பகுதி வெறும் திரும்பக் கூறல். 2011 மார்ச்சில் டோர்வால்ட்ஸின் கண்டனம் மேலும் கடுமையாயிற்று. 2012 டிசம்பரில் வந்த 3.7 பதிப்பு பல ஏஆர்எம் மேடைகளை ஒரே படிமத்தில் சேர்த்தது. பவர்பிசியில் ஏற்கெனவே வேரூன்றியிருந்த வன்பொருள் மரம் இதற்கு அடித்தளம். பலகையின் உறுப்புகளை விவரிக்கும் தரவுக் கோப்பைத் துவக்க நிரல் கெர்னலிடம் கையளிக்கும்; கெர்னல் அதைப் படித்து உரிய இயக்கிகளைத் தேரும். அதே பதிப்பில் நுழைந்த 64 பிற் ஏஆர்எம் தொடக்கத்தில் இருந்தே ஒரே முன்னிருப்பு அமைவுடன் வளர்ந்தது. கேட்கக்கூடாத கேள்விகளை ஒரு கட்டமைப்பு முழுவதும் கைவிட்ட இச்செயல் லினக்ஸ் அமைவு வரலாற்றின் சிறந்த சாதனை என்பது என் கணிப்பு.

இச்சாதனைக்கும் எல்லை உண்டு. அறிவு இடம்பெயர்ந்தது, அதன் தேவை நீங்கவில்லை. மரத்தை எழுத ஒருவர் வேண்டும். சாவகச்சேரிக் கடைகளில் கிடைப்பது போன்ற மலிவான தொலைக்காட்சிப் பெட்டிகளில், உற்பத்தியாளர் வன்பொருள் விவரத்தைப் பதிப்பிக்காமல் பழைய கெர்னல் ஒன்றையே பூட்டி விற்பது பரவலான வழக்கம். அப்படிப்பட்ட பெட்டியின் வாழ்நாளை அந்தப் பழைய கெர்னலே முடிவு செய்கிறது. நல்ல சில்லு இருந்தும் ஒரு தரவுக் கோப்பு இல்லாமையால் பெட்டி குப்பையாகிறது. இது கெர்னல் வடிவமைப்பின் பிழை அன்று, ஆனால் அதன் வெற்றி பிறரின் ஒழுக்கத்தில் தங்கியிருக்கிறது என்பதை மதிப்பீடு குறித்தாக வேண்டும். றாஸ்பெறி பை நிறுவனத்தின் கெர்னல் கிளையோ இன்னும் தலைமுறைவாரியாக வெவ்வேறு முன்னிருப்பு அமைவுகளைப் பேணுகிறது. ஐந்தாம் பையின் முன்னிருப்புக் கெர்னல் 16 கிலோபைற் நினைவகப் பக்கங்களை எடுத்துக்கொண்டதால், 4 கிலோபைற்றை உறுதியென எண்ணிக் கட்டிய சில மென்பொருள்கள் முறிந்தன. வேகத்துக்காக எடுத்த முடிவு நியாயமானது. ஆயினும் பக்க அளவு கட்டும்போதே பூட்டப்படுவதால், பாவனையாளர் அதை மாற்ற வேறொரு கெர்னலையே துவக்க வேண்டியுள்ளது.

இன்டெல் வழிப் பொறிகளில் வேறொரு நுட்பம் முதிர்ந்தது. கெர்னல் எழும்போதே செயலியின் திறனைப் படித்து, தன் கட்டளைகளை அதற்கேற்பத் தானே திருத்தி எழுதிக்கொள்கிறது. 2006இல் 2.6.17 பதிப்பு இதைப் பூட்டுக் கட்டளைகளுக்கு விரித்தது. ஒற்றை மையப் பொறியில் பல்மையப் பொறிக்குரிய செலவு பெருமளவு நீங்கியது. ஒற்றை மையமா பல மையமா என்று இரு கெர்னல்களை விநியோகித்த காலம் இதனால் முடிவை நோக்கி நகர்ந்தது. கட்டும்போது கேட்ட கேள்வியைத் துவங்கும்போது பொறியிடமே கேட்கும் இம்மாற்றத்தில் தொகுப்பின் எளிமையும் ஓட்டத்தின் வேகமும் ஒன்றையொன்று விழுங்கவில்லை.

பொறி சொல்வதை அப்படியே நம்பலாமா? பென்டியம் எம் இதற்கு எச்சரிக்கையான எடுத்துக்காட்டு. 2003–04 காலத்து அச்செயலிகளில் சில, விரிந்த முகவரித் திறனாகிய பிஏஇ தம்மிடம் இருந்தும் அதை அறிவிப்பதில்லை. 2012இல் உபுண்டு பிஏஇ இல்லாத கெர்னலைக் கைவிட்டபோது, ஓடக்கூடிய மடிகணினிகள் நிறுவலின் வாசலிலேயே நிறுத்தப்பட்டன. இம்மாதிரி மடிகணினிகள் சாவகச்சேரி வீடுகளுக்கும் வந்தவையே. 2014இல் கெர்னல் தந்த தீர்வு முன்மாதிரியானது: திறன் உண்டென்று கொள்ளச் சொல்லும் துவக்கக் கட்டளை ஒன்று சேர்க்கப்பட்டது. எவரும் கெர்னலை மீண்டும் கட்ட வேண்டியதில்லை. பொறியிடம் முதலில் கேள். பொறி தவறினால் மனிதரின் சொல்லை ஏற்க ஒரு வாசல் வை. இவ்வரிசைமுறையே சரியானது. 32 பிற் பொறிகளின் காலமும் குறுகிவருகிறது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13 அவற்றுக்கான கெர்னலையும் நிறுவியையும் நிறுத்திவிட்டது. பராமரிப்போரின் உழைப்புக்கு எல்லை உண்டென்பதால் அம்முடிவைக் குறைகூற இயலாது. ஆனால் பழைய பொறியை வைத்திருப்பவருக்குக் கெர்னலைத் தானே கட்டும் தேவை அந்நாள் முதல் கூடுகிறது. தெரிவுகளின் தெளிவு அவருக்குப் பிழைப்புப் பிரச்சினை.

கொள்கைக் கேள்விகளில் லினக்ஸ் மெதுவாக, ஆனால் சரியான திசையில் நகர்ந்திருக்கிறது. கடிகாரத் துடிப்பு நொடிக்கு எத்தனை என்பதை எடுத்துக்கொள்வோம். 2.4இல் 100, 2.6இல் 1,000, 2005இல் 2.6.13 முதல் முன்னிருப்பு 250. மூன்றும் ஏதோ ஒரு பயன்பாட்டுக்குச் சரி, எதுவும் எல்லாவற்றுக்கும் சரியில்லை. அத்தெரிவு இன்றும் கட்டும் கட்டத்திலேயே பூட்டப்பட்டிருப்பது குறை. மாறாக, கெர்னல் வேலையை எவ்வளவு தூரம் இடைமறிக்கலாம் என்ற கேள்வி 2021இல் 5.12 பதிப்பில் துவக்க நேரத்துக்கு நகர்ந்தது. ஒரே படிமம் சேவையகத்திலும் மடிகணினியிலும் வெவ்வேறு கொள்கையுடன் எழ முடிகிறது. முன்னையதும் இதே வழியில் நகர வேண்டும்.

விலக்கல் கேள்விகளுக்கு இரு கருவிகள் உண்டு. இரண்டுக்கும் பாராட்டும் எச்சரிக்கையும் உரியன. 2009இல் ஸ்டீவன் ரோஸ்டெட் சேர்த்த உள்ளூர்க் கூறு அமைவு, ஓடும் பொறியில் ஏறியுள்ள கூறுகளைப் படித்து, ஏறாத கூறுகளை விலக்குகிறது. பழைய பொறியில் பல மணித்தியாலம் இழுக்கும் கட்டுமானம் இதனால் வெகுவாகச் சுருங்குகிறது. மின் நிலையற்ற ஊரில் இதன் பெறுமதி பெரிது. ஆனால் அது அந்தக் கணத்தை மட்டுமே பார்க்கிறது. அச்சுப்பொறியோ டொங்கிலோ அப்போது செருகப்படாமல் இருந்தால் அதன் இயக்கியும் விலகும். 2014இல் வந்த மிகச்சிறு அமைவு எதிர்முனையில் நிற்கிறது. மிகச் சிறிய கெர்னலில் தொடங்கி வேண்டியதைச் சேர்க்கச் சொல்கிறது. அளவு அறிந்தவருக்கு அது நேர்த்தியான தொடக்கம். எதைச் சேர்த்தால் திரை ஒளிரும் என்பதை அறியாதவருக்கு அது நெடிய தேடல்.

தமிழ்நாட்டின் சக்தி செயலித் திட்டம் இவ்விவாதத்தை இன்னொரு படி உயர்த்துகிறது. சென்னை ஐஐடியில் வி. காமகோடியின் வழிகாட்டலில் வளர்ந்த ரிஸ்க்-ஃபைவ் செயலிக் குடும்பம் அது. அதன் ரைஸ்கிரீக் சில்லு 2018இல் லினக்ஸை எழுப்பியது. லினக்ஸ் 4.15 பதிப்பில் ரிஸ்க்-ஃபைவ் இடம்பெற்றதும் அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான். மூன்று கட்டக் குழாய்வரிசை கொண்ட ஈ வகைச் சக்தி நுண்கட்டுப்படுத்திக்கு உரியது. ஃப்ரீஆர்டோஸும் செஃபிரும் அதற்குப் பொருந்தும். ஐந்து கட்டம் கொண்ட சி வகை லினக்ஸுக்குரியது. இங்கே வன்பொருளே தெரிவுகளால் ஆனது. பதுக்கு நினைவகத்தின் அளவு, எந்தக் கட்டளை விரிவுகள் வேண்டும் என்பனவெல்லாம் சில்லை உருவாக்கும்போதே அமைவுக் கோப்பில் தீர்மானிக்கப்படுகின்றன. அப்படியானால் ஒரே உண்மை மூன்று இடங்களில் எழுதப்படும் அபாயம் உண்டு: சில்லின் அமைவில், வன்பொருள் மரத்தில், கெர்னலின் அமைவில். ஒன்று மாறி மற்றது மாறாவிட்டால் பிழை. சில்லின் அமைவில் இருந்தே மரம் பிறக்க வேண்டும். கெர்னல் மரத்தைப் படித்துத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். மனிதர் எதையும் இருமுறை எழுதக்கூடாது. ரிஸ்க்-ஃபைவ் கெர்னலும் 2021 முதல் துவக்கத்தில் தன் கட்டளைகளைத் திருத்தும் நுட்பத்தைப் பெற்றுள்ளதால் இந்த இலட்சியம் எட்டாத தொலைவில் இல்லை.

பிற மரபுகளோடு ஒப்பிடுவது தீர்ப்பைச் செம்மையாக்கும். நெட்பிஎஸ்டியின் அமைவுக் கோப்பு எந்தச் சாதனம் எந்தப் பாட்டையில் தொங்குகிறது என்பதையே இலக்கணமாக்குகிறது. அதைப் படித்தால் பொறியின் உருவமே மனதில் எழும். வாசிப்புத் தெளிவில் கேகான்ஃபிக் அதற்குப் பின்தங்குகிறது. அளவிலும் பரவலான பங்களிப்பிலும் முந்துகிறது. ஆண்ட்ராய்டு 12 முதல் 5.10 கெர்னலுடன் வெளிவரும் கருவிகளுக்குக் கூகிள் கட்டாயமாக்கிய பொதுக் கெர்னல் படிமம், தயாரிப்பாளரின் நிரலைத் தனிக்கூறுகளுக்குள் ஒதுக்குகிறது. திறன்பேசிக் கெர்னல்கள் கிளைகிளையாகச் சிதறிய பழைய நோய்க்கு அது தக்க மருந்து. விலையாக, படிமத்தின் அமைவை ஒரு நிறுவனமே தீர்மானிக்கிறது. சுதந்திரமும் ஒருமையும் இங்கே ஒன்றோடொன்று பேரம் பேசுகின்றன. லினக்ஸின் மூலக்கிளை சுதந்திரத்தின் பக்கம் நிற்பது அதன் இயல்புக்கு ஏற்றது.

உதவிக் குறிப்புகளையும் எடைபோட வேண்டும். தெரியாவிட்டால் வேண்டாமென்று சொல் என்பது போன்ற அறிவுரை பல தெரிவுகளில் உண்டு. அது அக்கறையான வழக்கம். ஆனால் தெரிவின் பெயரையே வாக்கியமாக நீட்டிவிட்டு நிற்கும் குறிப்புகளும் ஏராளம். விடையின் விளைவைச் சொல்லாத குறிப்பு, கேள்வியை மறுபடி கேட்பதற்குச் சமம். பிறமொழி இடைமுகத்துக்கு இருந்த வசதி பழுதுபட்டு, பாவிப்போரின்றிக் கிடந்ததால் 2018இல் நீக்கப்பட்டது. நீக்கியவர்கள் மீது குறையில்லை. எவரும் காக்காத வசதி தானாக நிற்காது. தமிழில் கற்கும் மாணவருக்கு இத்தெரிவுகளை விளக்கும் கடன் இப்போது தமிழில் எழுதுவோரிடமே இருக்கிறது.

ஆகத் தீர்ப்பு இது. லினக்ஸின் அமைவுப் பொறியியல் முதல் தரம். அதன் அமைவு மொழி இரண்டாம் தரம். பொறியியல் கடந்த இருபது ஆண்டுகளில் வன்பொருள் உண்மைகளை மரத்திடமும், செயலித் திறன்களைத் துவக்க நேரத் திருத்தத்திடமும், சில கொள்கைகளைக் கட்டளை வரியிடமும் ஒப்படைத்து, கேள்விகளை அவற்றுக்குரிய இடத்துக்கு அனுப்பிவருகிறது. மொழியோ உண்மை, கொள்கை, விலக்கல் மூன்றையும் ஒரே வகைத் தெரிவாக எழுத அனுமதித்து, ஒன்றையொன்று மீறும் இரு உறவுகளால் அவற்றைக் கட்டிவைத்திருக்கிறது. தர்க்கத் தீர்வி ஒன்றை மொழியின் அடியில் வைக்கும் வழியைக் கெர்னலின் ஆவணமே சுட்டுகிறது. அது நிறைவேறினால் வலிந்து இயக்கும் உறவுக்கு நியாயம் மிஞ்சாது. அதுவரை புதிய தெரிவொன்றைச் சேர்க்க வருபவரிடம் பராமரிப்போர் மூன்று கேட்க வேண்டும். இதைப் பொறி சொல்லாதா? சொல்லாதெனில், துவக்கத்தில் கேட்டால் போதாதா? போதாதெனில், தவறான விடையின் விளைவை உதவிக் குறிப்பு சொல்கிறதா? மூன்றுக்கும் திருப்தியான பதில் தராத தெரிவு, எவ்வளவு திறமையான நிரலைத் தாங்கி வந்தாலும், திருப்பி அனுப்பத் தக்கது.